குத்தலாமான்னு ஒரு வார்த்தை

ஊசி குத்திப் பொழைக்கிறவளுக்கு ஊருக்குள்ள என்ன மரியாதைன்னா, அவ தலையைப் பார்த்ததுமே லயத்து வரிசை வீட்டுப் புள்ளைங்க ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கும்.

என்னை மாதிரி கிளினிக்குல குப்பை கொட்டுற மிஸ்ஸிமாருங்க யாராவது இதைப் படிச்சா, இப்பவே தலையாட்டுவீங்க. எங்க தோட்டத்துல நர்ஸுன்னு யாரும் கூப்பிடறதில்ல. துரையிலேருந்து தேயிலை வெட்டுற ஆளு வரைக்கும் மிஸ்ஸிதான். பிரிஞ்சாங்குல ராத்திரிச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்கு, போயி சோளம் வாங்க நின்னாக்கூட, பக்கத்துல நிக்கிற புள்ள என்னைப் பார்த்ததும் அம்மா சுவெட்டருக்குள்ள தலையை விட்டுக்கும். இருபத்தாறு வருஷமா இதே கூத்துதான். புருஷன் பேரே மறந்து போற குளுருல விடிகாலையில எந்திரிச்சு வந்து, பாராட்டா வாங்குறோம்? கடி வாங்குறோம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குத்துறதுக்கு முந்தி, அது எவ்வளவு சின்னப் புள்ளையா இருந்தாலும், "குத்தலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேப்பேன். இதுக்கு என்னைக் கேலி பண்ணாத ஆளு தோட்டத்துல கிடையாது. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி ஒரு நாள் மருந்துக் கணக்குல கையெழுத்து வாங்க வந்தவரு, கிளினிக் வாசல்ல கூட்டத்தைப் பார்த்துட்டு உள்ள எட்டிப் பார்த்துச் சொன்னாரு: "என்ன மிஸ்ஸி, இன்னிக்கும் எலெக்‌ஷனா?"

ஒத்தைத் தோடு

அந்தப் பழக்கம் பொறக்கும்போதே வந்ததில்ல. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், காது குத்துற துப்பாக்கி மாதிரி கன் ஒண்ணு கிளினிக்குக்குப் புதுசா வந்திருந்துச்சு. எனக்கு அது ஒரு பெருமை. லயத்துலேருந்து பவானின்னு ஒரு நாலு வயசுப் பொண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. அம்மா காலைப் புடிச்சா, சித்தி கையைப் புடிச்சா, கிளினிக் ஆயா தலையைப் புடிச்சா. நான் எதையும் கேக்கல. இடது காதுல வெச்சு டக்குன்னு ஒண்ணு. அவ்வளவுதான். அந்தப் பொண்ணு என் மணிக்கட்டைக் கடிச்சா பாருங்க, தழும்பு இன்னும் இருக்கு. மூணு பேர் புடியிலேருந்தும் நழுவி ஓடினவளை, பேக்டரி விறகு அடுக்குக்குப் பின்னாலேருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சோம்.

வலது காதை அதுக்கப்புறம் யாருக்கும் குடுக்கல. சரி, இருக்கிறதையாவது கழட்டிடலாம்னா அதுக்கும் விடல. ஒத்தைத் தோட்டோடயே வளர்ந்தா. திருவிழாவுல ஒத்தைத் தோடு, ஸ்கூல் போட்டோவுல ஒத்தைத் தோடு. எதிர்ல வரும்போதெல்லாம் அந்த ஒரு கல்லு மட்டும் என் கண்ணுல குத்தும். எனக்கு வெக்கமா இருக்கும், தலையைத் திருப்பிக்குவேன்.

பன்னெண்டு வயசுல ஒரு நாள், ஸ்கூல் பேக்கோட தனியா வந்தா. நாற்காலியில உக்காந்து வலது காதை என் பக்கம் திருப்பினா. பஞ்சை நனைச்சேன். "இப்பவாவது கேக்குறேன், குத்தலாமாம்மா?"ன்னேன். "ம்"னா. சத்தமே இல்லாம குத்திக்கிட்டா. கண்ணாடியில ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, போகும்போது திரும்பி நின்னு சொன்னா: "மிஸ்ஸி, அன்னிக்கே கேட்டிருந்தீங்கன்னா ரெண்டையும் குடுத்திருப்பேன்."

எந்தக் கை?

"அப்போ தடுப்பூசிக்கும் கேப்பீங்களா? வேணாம்னா விட்டுடுவீங்களா?"ன்னு என்னை மடக்க நினைக்கிறவங்க உண்டு. நல்ல கேள்விதான். போட்டே ஆகணும்ங்கிறதுக்கு நான் 'போடலாமா'ன்னு கேக்க மாட்டேன். கேட்டுட்டு, அது வேணாம்னு சொன்னப்புறம் அமுக்கிப் புடிச்சுப் போட்டா, அது கேக்காததைவிடப் பெரிய அயோக்கியத்தனம். அதனால, "எந்தக் கையில போடட்டும்?"னு மட்டும் கேப்பேன். ஒரு வாண்டு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, அப்பனைத் திரும்பிப் பார்த்துட்டு நிதானமா பதில் சொல்லுச்சு: "எங்கப்பா கையில போடுங்க."

நாப்பத்தோராம் நாள்

இப்ப நான் சொல்ல வந்த ஆளுங்களுக்கு வர்றேன். குமரேசன் எங்க தோட்டத்து லோரி டிரைவர். அவனைத் தாய் இல்லாத குறை தெரியாம வளர்த்தவ அவன் அக்கா சரோஜா. கியா பார்ம்ல ரோட்டோரக் கடை, பூவும் ஸ்ட்ராபெரியும் விக்கிறா. குரல் இருக்கே, மலையைச் சுத்தி வர்ற பஸ்ஸை இங்கேருந்தே நிறுத்திடும். குமரேசன் பொண்டாட்டி கலைவாணிக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. பேக்டரியில தூள் சலிக்கிற வேலை. அவ பேசி நான் கேட்டதே இல்ல.

புள்ள கவினுக்கு நாப்பத்தோராம் நாள். மூணு பேரும் புள்ளையோட வந்தாங்க. சரோஜாதான் பேசினா. புள்ள மூத்திரம் போகும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்புதாம், பின்னால நகரவே மாட்டேங்குதாம், குளிப்பாட்டும்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் பார்க்கிறாளாம். கடைக்கு வந்த யாரோ சொன்னாங்களாம், இப்பவே வெட்டி எடுத்துடுங்கன்னு. "பச்சப் புள்ளையில செஞ்சா வலியும் தெரியாது, ஞாபகமும் இருக்காது மிஸ்ஸி. டாக்டர்கிட்ட சொல்லி எழுதி வாங்கிக் குடுங்க"ன்னா.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "வலி தெரியாதுன்னு அவனா உங்ககிட்ட சொன்னான்? ரோஜா மொட்டை விரலால பிரிச்சா விக்கிறீங்க? இதை மட்டும் ஏன் இழுக்கிறீங்க?"ன்னு கத்திட்டேன். பொறந்த புள்ளைக்கு அது ஒட்டித்தான் இருக்கும், வயசு ஏற ஏறத் தானா விடும், இழுத்தா புண்ணாகும். வாரா வாரம் வியாழக்கிழமை வர்ற டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க, என்ன, அவங்க கத்தாம சொன்னாங்க. காய்ச்சல் இல்ல, அடைப்பு இல்ல, சும்மா விடுங்கன்னு.

சரோஜா விடல. "பின்னால பிரச்சனை வந்தா?"ன்னா. நான் வீறாப்பா சொன்னேன்: "வந்தா அப்பப் பார்த்துக்கலாம். அப்ப அவனுக்கு வாய் இருக்கும், அவனையே கேக்கலாம்." இந்த வார்த்தையை நீங்க ஞாபகம் வெச்சுக்குங்க. என்னால மறக்க முடியல. குமரேசன் அக்கா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்பத்தான் மூலையில நின்ன கலைவாணி, புள்ளையை வாங்கித் துணியில சுத்திக்கிட்டே, அந்த சரோஜாவைப் பார்த்து மெதுவா வாயைத் திறந்தா. எனக்குக் கையெடுத்துக் கும்புடணும் போல இருந்துச்சு. "அண்ணி, புள்ள உங்க தம்பியோடதுதான். தோல் புள்ளையோடது."

மாமன் காது

மொத வருஷம் வீட்டுல ஒரு சாவு. அதனால கவினுக்குக் காது குத்து மூணாம் வயசுக்குத் தள்ளிப் போச்சு. தோட்டத்து மாரியம்மன் கோயில்ல மொட்டை அடிச்சு, சந்தனம் தடவி, தாய்மாமன் மடியில உக்கார வெச்சாங்க. மாமன் பேரு சேகரு, கலைவாணி அண்ணன். பிரிஞ்சாங்லேருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுறவன், பார்த்தா பீரோ மாதிரி இருப்பான். தானா ராத்தாவுலேருந்து காது குத்துற பத்தரை வரவழைச்சிருந்தாங்க. பின்னால ரெண்டு அண்டாவுல ஆட்டுக்கறி கொதிக்குது.

பத்தர் ஊசியை எடுத்தப்போ கலைவாணி குறுக்க வந்தா. "மிஸ்ஸி, ஒரு வார்த்தை கேட்டுடுங்க." பத்தருக்குக் கோவம். நாப்பது வருஷமா குத்துறேன், எந்தக் காதும் என்கிட்ட அனுமதி குடுத்ததில்லன்னாரு. அறுபது பேர் என்னையே பார்க்குறாங்க. நான் உக்காந்து, "கவினு, இவரு காதுல ஓட்டை போட்டுத் தோடு மாட்டுவாரு. கொஞ்ச நேரம் வலிக்கும். போடலாமாய்யா?"ன்னு கேட்டேன். அவன் ஊசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அட்சர சுத்தமா "வேணாம்"னான்.

கோயில்ல மேளக்காரன்கூட அடிக்கிறதை நிறுத்திட்டான். சரோஜா என்னைப் பார்த்த பார்வையில நான் சாம்பலாகாததே மாரியம்மன் புண்ணியம். பத்தர் வேற, "சாமி காலடியில வெச்ச ஊசி, குத்தாம திரும்பக்கூடாதும்மா, குடும்பத்துக்கு ஆகாது"ன்னுட்டாரு. கலைவாணி முகம் வெளுத்துப் போச்சு. ஆனா புள்ளையைப் புடிச்சு அமுக்குங்கன்னு மட்டும் சொல்லல. அப்ப சேகர் கழுத்தைத் திருப்பினான். "என் காதைக் குத்துங்க. நானும் சின்னதுல தப்பிச்சு ஓடினவன்தான்."

மடியில கவின் உக்காந்துக்கிட்டு, மாமன் கட்டை விரலை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டான். மொதக் காது குத்தினப்போ சேகர் போட்ட சத்தத்துல கோயில் புறா பறந்துருச்சு. ரெண்டாவது காதுக்கு, "மாமா, அழாத, முடிஞ்சிரும்"னு அந்த மொட்டைத் தலையன் ஆறுதல் சொல்றான்! சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி. ஒரு புள்ள சொன்ன 'வேணாம்'ங்கிற வார்த்தைக்காகத் தன் காதைக் குடுத்த ஆம்பளையை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். ரெண்டு காதுலயும் ரத்தப்பொட்டோட எந்திரிச்சு நின்னு, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துட்டுச் சேகர் சொன்னான்: "யார் காதா இருந்தா என்ன, கறி ஆறுது, பந்தியைப் போடுங்கலா!"

இந்த லீவா, அடுத்த லீவா

கவினுக்குச் சிநேகிதன் ஹக்கீம். எங்க தோட்டத்துக் காவல்காரர் பாக் டின் மகன். லயத்துலேயே வளர்ந்தவன், நம்ம புள்ளைங்களைவிட நல்லாத் தமிழ் பேசுவான். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, இப்ப ஒன்பது. போன வருஷக் கடைசி ஸ்கூல் லீவுல ஹக்கீமுக்குச் சுன்னத்து செஞ்சாங்க. மலாய்க்காரங்க பெரும்பாலும் புள்ளை வளர்ந்து விவரம் தெரிஞ்சப்புறம்தான் செய்வாங்க. பாக் டின் மூணு நாள் லீவு போட்டுட்டு மகன் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. என்ன செய்வாங்க, எப்ப வலிக்கும், எப்பக் குறையும்னு முன்னாலயே ஒண்ணு விடாம அவனுக்குச் சொல்லி வெச்சிருந்தாரு. அதைக் கேட்டு எனக்கு அந்த மனுஷன் மேல தனி மரியாதை வந்துருச்சு.

கட்டு மாத்த ஹக்கீம் கிளினிக்குக்கு வந்தான். சாரோங்கை முன்னால கூடாரம் மாதிரி தூக்கிப் புடிச்சுக்கிட்டு, ராஜா மாதிரி நடை. கூடவே கவின், கையில அத்தை கடை ஸ்ட்ராபெரி டப்பா. நான் சும்மா இருக்காம, "உன்னைக் கேட்டுட்டுத்தான் செஞ்சாங்களா?"ன்னு ஹக்கீமைக் கேட்டேன். அவன் ஸ்ட்ராபெரியை மென்னுக்கிட்டே பெருமையா தலையாட்டினான்: "கேட்டாங்களே மிஸ்ஸி. இந்த லீவா, அடுத்த லீவான்னு அப்பா கேட்டாரு."

திரும்பி வந்த தண்ணி பாட்டில்

நான் அன்னிக்கு ஹக்கீமைப் பார்த்துச் சிரிச்சுட்டு, ராத்திரி சோறு போடும்போதுதான் யோசிச்சேன். 'எந்தக் கை'ன்னு நான் கேக்குறதும் இதேதானே? அடுத்தவங்களை எடை போடறதுக்கு முந்தி நம்ம தராசையும் பார்த்துக்கணும் போல. அந்த யோசனை முடியறதுக்குள்ள எனக்கே ஆப்பு வந்துச்சு.

நாலு மாசம் முந்தி கலைவாணி கவினைக் கூட்டிட்டு வந்தா. ஸ்கூலுக்குக் குடுத்தனுப்புற தண்ணி பாட்டில் தினமும் நிறைஞ்சபடியே திரும்பி வருதாம். அதை வெச்சே கண்டுபுடிச்சுட்டா, அவ தாய். தண்ணி குடிச்சா மூத்திரம் வரும், மூத்திரம் வந்தா எரியும், அதனால புள்ள தண்ணியே குடிக்கல. டாக்டரம்மா பார்த்தாங்க. முன்தோல் நுனியில வெள்ளையா தழும்பு மாதிரி இறுகியிருக்கு. ரெண்டு மாசம் களிம்பு தடவிப் பார்த்தோம். கேக்கல. ஈப்போவுக்குப் போயி ஆபரேஷன் பண்ணி எடுத்துடறதுதான் வழின்னுட்டாங்க. "இது ஒரு தோல் வியாதி மிஸ்ஸி. குழந்தையில விட்டதால வந்ததில்ல. லட்சம் பேருக்குச் செய்யாம விடலாம், இவனுக்குச் செய்யணும்"னு எனக்குச் சமாதானமும் சொன்னாங்க.

சமாதானம் ஆகல. நான் வீறாப்பா சொன்ன வார்த்தைக்கு ஒன்பது வயசுப் புள்ள வலியைச் சுமக்குறானேன்னுதான் நினைப்பு. சரோஜா வந்து நாலு வார்த்தை திட்டினா நல்லா இருக்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வந்தா. திட்டல. கடையைச் சாத்திட்டுப் பூக்கூடையோடயே வந்து, நோயாளி பெஞ்சுல உக்காந்து, அந்தப் பெரிய குரலைத் தொலைச்சுட்டு அழுதா. நான் தண்ணி குடுத்தேன், வேற என்ன குடுக்க முடியும்? முகத்தைத் தொடச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டா. "அன்னிக்கே செஞ்சிருந்தா அவனுக்கு ஞாபகமே இருந்திருக்காதே மிஸ்ஸி?"

கேட்டே ஆகணும்

குமரேசனுக்கு ஒரு யோசனை. ஈப்போவுக்கு ஷூ வாங்கப் போறோம்னு சொல்லிக் காடியில ஏத்திடலாம், ஆஸ்பத்திரிக்குள்ள போனப்புறம் பார்த்துக்கலாம்னான். பாவம், கெட்டவன் இல்ல. புள்ள பயப்படறதைப் பார்க்கப் பயம். கலைவாணி ஒரே வார்த்தையில முடிச்சுட்டா: "கேப்போம்னு சொன்னோம், கேட்டே ஆகணும்." யாரு கேக்கிறது? எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

இருபத்தாறு வருஷமா எவ்வளவோ புள்ளைங்களைக் கேட்டிருக்கேன். அன்னிக்கு மாதிரி பயந்து கேட்டதில்ல. கவினை உக்கார வெச்சு, ஒரு காகிதத்துல படம் போட்டு, என்ன வியாதி, எவ்வளவு எடுப்பாங்க, மயக்க மருந்து, அப்புறம் ஒரு வாரம் எரிச்சல், எல்லாத்தையும் சொன்னேன். அவன் மூணு கேள்வி கேட்டான். "கோயிலுக்குப் போகலாமா?" போகலாம், எடுக்குறது தோலை, சாமியை இல்லன்னேன். "ஹக்கீமுக்கு வலிச்ச மாதிரி வலிக்குமா?" கிட்டத்தட்ட அப்படித்தான்னேன். மூணாவது: "நான் வேணாம்னு சொன்னா?"

இங்கதான் பொய் சொல்லத் தோணும். தோணுச்சு. முழுங்கிட்டேன். "வேணாம்னா இன்னிக்கு இல்ல. டாக்டர் மறுபடியும் கேப்பாங்க. ஆனா ஒரேயடியா அடைச்சுக்கிட்டா, அன்னிக்குக் கேக்க நேரம் இருக்காதுய்யா." அவன் அந்தப் படத்தை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சான். யோசிக்கணும்னான். டாக்டரம்மா ரெண்டு வாரம் குடுத்தாங்க.

அந்த ரெண்டு வாரம் இருக்கே, யாருக்கும் சோறு இறங்கல. சரோஜா தினமும் அம்மனுக்கு மாலை கட்டினா. பாக் டின் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தைத் தூக்குவாரு, நான் இன்னும் இல்லன்னு தலையை ஆட்டுவேன். ஹக்கீமும் கவினும் கோயில் படியில உக்காந்து குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க, பக்கத்துல போனா பேச்சு நின்னுடும்.

பத்தாம் நாள் மத்தியானம், நல்ல மழை. ஸ்கூல் உடுப்போட நனைஞ்சபடியே கவின் தனியா கிளினிக்குக்கு வந்தான். நாற்காலியில ஏறி உக்காந்தான். பவானி இதே மாதிரி வந்து உக்காந்தது எனக்கு ஞாபகம் வந்துச்சு. விரலை மடக்கி மடக்கிச் சொன்னான்: "சரி மிஸ்ஸி. ஆனா மூணு இருக்கு. ஸ்கூல்ல யாருக்கும் சொல்லக் கூடாது. சேகர் மாமா பக்கத்துல இருக்கணும். வலிக்காதுன்னு எங்கப்பா சொல்லக் கூடாது."

கோடு

நானும் லீவு போட்டுட்டு ஈப்போவுக்குப் போனேன். சேகர் முட்டைக்கோஸ் லோடை வேற ஆளுகிட்ட விட்டுட்டு வந்திருந்தான், ரெண்டு காதுலயும் அன்னிக்குக் கோயில்ல போட்ட கடுக்கன். ஆபரேஷன் பண்ற டாக்டர் ஒரு இளவயசு மலாய்க்காரப் பொண்ணு. சம்மதப் படிவத்தைக் குமரேசன்கிட்ட நீட்டினாங்க. கையெழுத்துப் போட்டான். கட்டில்ல உக்காந்திருந்த கவின் எட்டிப் பார்த்துட்டு, மலாய்ல கேட்டான், என் பேரு எங்க எழுதணும்னு. பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு அதுல இடம் இல்லைன்னாங்க டாக்டர். புள்ள முகம் தொங்கிப் போச்சு. பத்து நாள் யோசிச்சவனுக்கு ஒரு கையெழுத்து போட இடமில்லையா?

அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். அப்பன் கையெழுத்துக்குக் கீழ, ஸ்கேல் இல்லாம, படிவத்தோட ஓரத்தையே மடிச்சு வெச்சு ஒரு கோடு போட்டுப் பேனாவைக் குடுத்தாங்க. கவின் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, தமிழ்ல, கொட்டை கொட்டையா முழுப் பேரும் எழுதினான். அவங்களுக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. விரலை வெச்சு அந்த எழுத்தையெல்லாம் ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு, அவன்கிட்டக் குனிஞ்சு சொன்னாங்க: "நன்றி. இப்பத்தான் எனக்கு அனுமதி கிடைச்சிருக்கு."

சேகர் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

அத்தை கேட்டது

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. எரிச்சல் இருந்துச்சு, அழுதான், ஒரு நாள் என்னைக் கன்னாபின்னான்னு திட்டக்கூடத் திட்டினான். வாங்கிக்கிட்டேன். மூணாவது வாரம் கடைசி முறையா புண்ணைக் காட்ட வந்தப்போ, கையில தண்ணி பாட்டில், அதுல முக்கால்வாசி காலி. கலைவாணி பாட்டிலை வாங்கி வெளிச்சத்துல ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினா, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

கூட வந்த சரோஜாவுக்கு மட்டும் மனசு ஆறல. புள்ளையைப் பக்கத்துல இழுத்து, தலையைத் தடவிக்கிட்டே கேட்டா. "ஏன்டா தங்கம், நீ கைக்குழந்தையா இருக்கும்போதே செஞ்சிருந்தா உனக்கு இந்த வலியெல்லாம் ஞாபகமே இருந்திருக்காதில்ல? இந்த மிஸ்ஸிதான் வேணாம்னாங்க. அத்தை பேச்சைக் கேட்டிருக்கலாமில்ல?" நான் மருந்து அலமாரியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன். காது மட்டும் அங்கதான் இருக்கு. அவன் ஆமான்னு சொல்லிட்டா, என் இருபத்தாறு வருஷமும் அந்த ஒரு வார்த்தையில போச்சு. கவின் பாட்டில்ல மிச்சம் இருந்த தண்ணியை ஒரு மூச்சுல குடிச்சு முடிச்சான். வாயைத் தொடச்சுக்கிட்டு, அத்தையை ஒரு விவரம் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்: "ஞாபகமே இல்லன்னா, நான் தைரியமா இருந்தது எனக்கே தெரியாம போயிருக்குமே அத்தை!"

ஊசிப் பொழப்பு பொழைக்கிற சகோதரிகளே, நான் கண்டுக்கிட்டது இவ்வளவுதான்: கேட்டுட்டுக் குத்தினா கிளினிக் சாத்த ரெண்டு வாரம்கூட லேட்டாகலாம், கேக்காம குத்தினா அந்த ஒத்தைத் தோடு எட்டு வருஷம் நம்ம கண்ணு முன்னாலயே நடந்துகிட்டு இருக்கும்லா.